மாடி வீட்டுக்கு மண் பார்த்தது

பூங்கோதைக்கு வேலூரில் ஒரு வீடு வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகளிடம், "முட்டி வலிக்குது, டாக்டரு கூப்டு தூரத்துல இருப்பாரு" என்றாள். சம்பந்தியிடம், "வாடகைக்கு வுட்டாலும் மாசம் பொறந்தா காசு" என்றாள். ஊர்க்காரர்களிடம், "வயசாவுதில்ல, தினம் பஸ்ல இடிபட முடியல" என்றாள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் உண்மையான காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில்தான். கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நிலத்தில் ஒன்றும் தேறவில்லை. புருஷன் தசரதன் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது பூங்கோதை ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மலைமேல் போனாள். மலைக்காரர்களிடம் சீதாப்பழம் வாங்கினாள், வேலூருக்கு பஸ் ஏறினாள், மார்க்கெட் சுவரோரம் கூடையை இறக்கினாள். மத்தியானத்துக்குள் கூடை காலி. அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் அவளுடையது. சீதா முடிந்தால் பலா, பலா முடிந்தால் புளி, இடையில் சாமை, தேன் என்று மலை எதைக் கொடுத்ததோ அதை விற்றாள். வைத்தியத்துக்காக எங்கெங்கிருந்தோ வந்து தங்கும் ஜனங்களிடம் பேசிப் பேசி நான்கு பாஷை பழகிவிட்டது. நான்கிலும் பேரம் பேசுவாள், நான்கிலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டாள்.

ஒரே ஒரு குறை. அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ், வேலூரில் விளக்குப் போடும் நேரத்தில் கிளம்பிவிடும். அந்த நேரத்தில்தான் அந்த ஊருக்கே உயிர் வரும். பஜ்ஜிக் கடை அடுப்பு பற்றும். பூக்கடையில் பல்பு எரியும். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக, வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும், கடைவீதியில் நடப்பார்கள். பூங்கோதை அதையெல்லாம் மடியில் காலிக் கூடையோடு பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். சாமி ஊர்வலம் வந்தால்கூட அவளுக்குக் கிடைத்தது நாதஸ்வரக்காரரின் முதுகுதான். கல்யாணமான காலத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் போய்வரும் ஊர், ஒரு சாயங்காலத்தைக்கூட அவளுக்கு முழுசாகக் காட்டியதில்லை. அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் அவளுக்கு வீடு வேண்டும். இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே சொல்வது?

வீடு கிடைத்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில், தெருவைப் பார்த்த பால்கனியோடு. புளி வியாபாரத்தில் சேர்த்ததும் பேங்க் லோனும் சேர்ந்தால் கைக்கு எட்டிவிடும். எட்டாமல் நின்றது தசரதன்தான். அவருக்கு டவுன் என்றால் மோட்டாருக்கு ஸ்பேர் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிற இடம். அவர் இல்லாமல் வாங்கவும் பூங்கோதைக்கு மனம் வரவில்லை. தனியாக பால்கனியில் நின்று யாரிடம் எதைக் காட்டுவது?

தரகர் அர்ச்சுனன் பேசியே காரியம் சாதிக்கிற ஆள். தசரதனை அந்த மாடி வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்து அடுக்கினார். "பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், மார்க்கெட்டு காலடியில. எந்நேரமும் ஜனம். தனியா கீறோம்னே தோணாதுங்க. நாளைக்கு விக்கணும்னாலும் கியூ நிக்கும்."

தசரதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டார்: "எல்லாம் சரிங்க. மண்ணு பாத்தாச்சா?"

அவர்கள் பக்கத்தில் மண் பார்க்காமல் யாரும் வீட்டுக்குக் கை வைப்பதில்லை. மனையின் ஈசானி மூலையில் கொத்திவிட்டு, வீட்டு ஆண்பிள்ளை மூடிய கையோடு மொச்சை விதைக்க வேண்டும். விதையை இன்னொரு கண் பார்க்கக் கூடாது. விதைத்த கைதான் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அமாவாசைக்குள் முளைத்தால் மண் உன்னை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். முளைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார். பளபளவென்று டைல்ஸ். "இது ரெண்டாவது மாடிங்க. கொத்துனா கீழ்வூட்டுக்காரரு தலையில போய் வுழும்."

"அப்போ மண்ணே இல்லாத வூடு" என்று தசரதன் சந்தோஷமாக எழுந்தார்.

பூங்கோதை விடுவாளா? குலதெய்வக் கோயில் பூசாரியிடம் ஓடினாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்து, "மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதான்" என்று தீர்ப்பு சொன்னார். மறுநாளே தங்கள் நிலத்து மண்ணை ஒரு பழைய பெயிண்ட் வாளியில் நிரப்பி, சீதாப்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து பஸ்ஸில் ஏற்றினாள். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார். வாளி பால்கனியின் ஈசானி மூலையில் உட்கார்ந்தது. தசரதன் வேட்டி மடிப்பிலிருந்து கையை மூடியபடி எடுத்தார், முகத்தைப் பெரிய பக்திமான் மாதிரி வைத்துக்கொண்டு விதைத்தார், தண்ணீர் ஊற்றினார். அர்ச்சுனன் தலையிலடித்துக்கொண்டு ஆளுக்கொரு சாவி கொடுத்துவிட்டுப் போனார்.

இதில் தசரதன் ஒன்றை யோசிக்கவில்லை. விதைத்த கைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றால், அந்தக் கை தினமும் வேலூருக்கு வர வேண்டுமே!

முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஊற்றினார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். மறுநாள் பஸ் தவறியதால் எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தார். அதற்கடுத்த நாள் டீயோடு பஜ்ஜி. பிறகு ஒரு நாள், மழைக்குக் கீழ்த்தளத்தில் ஒதுங்கியபோது, அங்கே குடியிருக்கும் கோபால்சாமி என்ற ரிடையரானவர் கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "சார், ஒரு கை குறையுது, வர்றீங்களா?" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அன்று மார்க்கெட்டுக்கு வந்த தசரதனின் முகமே வேறாக இருந்தது. "என்னை சார்னு கூப்டறாங்க பூங்கோத" என்றார்.

"கூப்டா இன்னா? எல்லாரையும்தான் கூப்டறாங்க."

"நம்ம ஊர்ல நான் சின்னராசு புள்ள. அத்த வுட்டா மோட்டார்காரன். கூப்டறதுக்கு முன்னாடியே என் மூணு தலைமொற கத அவனுங்களுக்குத் தெரியும். இங்க ஒன்னும் தெரியாம சார்ங்கறாங்க!"

அதன்பிறகு காலையில் முதல் பஸ்ஸுக்கு அவர்தான் முதலில் நின்றார். சலவைச் சட்டை போட்டார். பூங்கோதை கூடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்று, வெற்றிக் காயைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடிவரும் மனிதருக்காகக் கடைசி பஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஆனால் வாளியைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு முளை இல்லை. மொச்சை அப்படி அடம்பிடிக்கும் பயிரா? போகிற போக்கில் வீசினால்கூட முளைக்கும். அமாவாசை நெருங்கியது. வேறு யாரோ வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாக அர்ச்சுனன் சொன்னார். பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை. பழம் வாங்க வந்த ஒரு அம்மாவுக்குக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டாள். பக்கத்துக் கடை சரிதா பதறிப்போய், "இன்னா அக்கா, ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே கடையை சரிதாவிடம் ஒப்படைத்துவிட்டு மாடி ஏறினாள். கீழே கேரம் காய்கள் டக்டக்கென்று மோதும் சத்தம் கேட்டது. பால்கனிக்குப் போய் வாளிக்கு முன்னால் குந்தினாள். இன்னொரு கண் பார்க்கக் கூடாதுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, விரலால் மண்ணைக் கிளறினாள். ஒரு மொச்சை வந்தது. தோல் வெடித்துக் கிடந்தது, கருகல் நிறம். முகர்ந்து பார்த்தாள். ஓரத்தை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

மண் பார்த்த வாரம் அவள் கையாலேயே உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்த மொச்சை. அவருக்கு வாயில் போட்டு மெல்லத்தான் டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள்.

பூங்கோதைக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அதைவிட வேகமாக அழுகை வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே! சாமி பேரில், மண் பேரில் பழியைப் போட்டு, அவளை தினம் தினம் அந்த வாளியை எட்டிப் பார்க்கவைத்து வேடிக்கை பார்த்தாரே! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது வாசலில் சாவி திருகும் சத்தம். இன்று நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று சமையலறைக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

தசரதன் திருடன் மாதிரி வந்தார். நேராக வாளிக்குப் போனார். அவசர அவசரமாக மண்ணைத் தோண்டி, மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஈரத்துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளை மூக்கு நீட்டிய மொச்சை. நன்றாக ஊறவைத்து முளை கட்டியது.

"இன்னா பண்றீங்க?"

தசரதன் துள்ளிவிட்டார். "கள... கள எடுக்கறேன்."

"முளைக்காத வாளியில இன்னா களை?"

அவர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வசமாக மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துகொண்டார். "வறுத்ததப் போட்ட அன்னிக்கு இந்த ஊரு எனக்கு ஆவலியே" என்றார். "இப்ப அமாவாச கிட்ட வர வர எனக்குத்தான் தூக்கம் வரல. முளைக்கலன்னா வூடு போச்சி. வூடு போனா கோபால்சாமிகிட்ட இன்னான்னு சொல்றது? அடுத்த வாரம் கேரம் பைனலு வேற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனமில்லை. "சாமி குத்தம் ஆவாதா?"

"வறுத்ததப் போட்டதுதான் குத்தம். இது பரிகாரம்."

"வூடு எனக்கு எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"முட்டி வலின்னியே."

"முட்டியும் இல்ல, ஒன்னும் இல்ல." அதற்குமேல் நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசி பஸ்ஸை, ஜன்னலை, பூக்கடை பல்பை, நாதஸ்வரக்காரரின் முதுகை. "இத்தினி வருசமா இந்த ஊருக்கு சோறு போட்டேன், இந்த ஊரும் எனக்கு சோறு போட்டுச்சி. ஒரு சாயங்காலம் இங்க உக்காந்து பாக்கணும்னு ஆச. அவ்ளோதான். சிரிக்கறதுன்னா சிரிச்சிக்கங்க."

தசரதன் சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் ஏன் வறுத்ததப் போடறேன்?" என்றார். பிறகு முடிச்சிலிருந்து பாதியை எடுத்து அவள் கையில் வைத்தார். இந்தத் தடவை இரண்டு பேருமாகச் சேர்ந்து, கையைத் திறந்தே விதைத்தார்கள்.

அமாவாசையன்று காலையில் வாளி நிறைய மொச்சை தலை குனிந்து வெளியே வந்திருந்தது. அர்ச்சுனன் பார்த்துவிட்டு, "அடடா, இப்டி ஒரு மண்ணா!" என்று இரண்டு கையையும் கூப்பினார். தசரதன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

லோன் கைக்கு வந்து, பத்திரம் முடிந்து, அவர்கள் பால் காய்ச்சிய நாளில் மொச்சைக்கொடி பால்கனிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. காலையிலேயே உறவெல்லாம் வந்து சாப்பிட்டுப் போயாயிற்று. கோபால்சாமி கேரம் ஆட்களோடு வந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். மகள் திருப்பத்தூருக்குக் கிளம்பினாள். சாயங்காலம் தெருவில் முதல் விளக்கு எரிந்ததும், பேசிக்கொண்டே இருந்த பூங்கோதை சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் இருந்த காலிக் கூடையை எடுத்து, கதவோரம் போய் செருப்பில் காலை நுழைத்துவிட்டாள்.

"எங்க?" என்றார் தசரதன்.

"பஸ்ஸு..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டினார். பூக்கடை பல்பு எரிந்தது. கடைவீதிப் பக்கம் எங்கேயோ ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் போயிற்று. அது ஒடுகத்தூர் பஸ்தானா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், கூடையைக் கவிழ்த்து பால்கனியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"தலை வாரி வுடட்டுமா?" என்று கேட்டார் தசரதன். "கீழ போய் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். பூ நான் வாங்கித் தர்றேன்."