கரையில் சேர்த்த பலம்

கண்டியில் பாடசாலைகளுக்கான நீச்சல் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் கொழும்பில் ஒரு பெரிய பாடசாலை என்னை விடுதி வசதியோடு சேர்த்துக்கொள்ளும். வராவிட்டால் படிப்பு முடிந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து, ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் போய் நிற்க வேண்டியதுதான். அப்பா அம்மா இல்லை. தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, கொழுந்து பறிக்கும் அக்கா, நான். அவள் உழைப்பில்தான் அட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன்.

நான் நீந்தப் பழகியது தோட்டத்துக்குக் கீழே ஆறு தேங்கும் இடத்தில். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டு ஆறு செம்மண்ணாகப் பொங்கியது. யாழ்ப்பாணத்துக்காரரான விளையாட்டு மாஸ்டர், தண்ணீர்ப் பக்கமே போகாதே, கரையிலேயே பலம் சேர்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தண்டால் எடு, சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழு, முதுகில் சுமையோடு மேடு ஏறு. நீந்துகிறவன் எதற்கு மேடு ஏற வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டால் மக்கு என்பாரோ என்று கேட்கவும் இல்லை.

முதுகில் சுமை என்றால் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அக்காவின் பழைய கொழுந்துக் கூடையில் கல்லை நிரப்பி, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையேறினேன். ஆம்பிளைக்கு எதுக்கு இந்த வேஷம் என்று பெண்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் கயிற்றின் நீளத்தைச் சரிசெய்து விட்டாள். போகப் போகக் கையும் காலும் இரும்பாயின. காலையில் கழுத்து மரக்கட்டையாக இருக்கும். பலம் ஏறினால் அப்படித்தான் போலும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கண்டியில் குதித்ததும் கை வேகமாகத்தான் போனது. மூச்செடுக்க முகத்தைத் திருப்பினேன், கழுத்து திரும்பவில்லை. தலையைத் தூக்கினேன், வேகம் போனது. தண்ணீரைக் குடித்தேன். நான்காவதாக வந்தேன். இத்தனை பலத்தை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றேன் என்று குழம்பிப்போய் நின்றேன். சுமையை எப்படித் தூக்கினாய் என்று மாஸ்டர் கேட்டார். செய்து காட்டினேன்.

"உந்தக் கயிறை நெத்தியில கொழுவச் சொல்லி ஆர் சொன்னது? தோளில சாக்கைக் கட்டிறதை நினைச்செல்லோ எழுதினனான்."

வீட்டுக்கு வந்து அக்காமேல்தான் எரிந்து விழுந்தேன். கூடையால் கழுத்து இறுகிவிடும் என்று நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி விறகைத் தள்ளினாள்.

"எனக்குந்தான் திரும்பாது தம்பி. பொறப்பே அப்பிடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்க உடம்பையே திருப்பினாள். ஒரே காம்பராவில் இத்தனை வருடம் இருந்தும் அன்றைக்குத்தான் அதைக் கண்டேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் அழுதேன். கொழும்பு கைநழுவிப் போனதற்கா, இதற்கா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் அவளுக்குப் பின்னால் நின்றேன்.