கணக்கு வாத்தியார் மேல் ஒரு பிராது

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்துக்கு எனக்கு முப்பத்து நான்கு மதிப்பெண் போட்டிருந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் இருந்த எண்களை ஏழு தடவை கூட்டினேன். ஏழு தடவையும் முப்பத்தாறு வந்தது.

எனக்கு அல்ஜீப்ரா வராது. எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து அதை நம்பச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் கூட்டல் தப்பாது. பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகள், ரயில்வே கேட்டைக் கடக்கும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள், வீட்டிலிருந்த கோப்பைகள் எல்லாவற்றுக்கும் என்னிடம் எண்ணிக்கை இருந்தது. அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போட்டவைதான் எங்கள் வீட்டுக்கு வரும். பதினொரு கோப்பைகளில் நான்குக்கு மட்டும் கைப்பிடி இருந்தது.

விடைத்தாளோடு கணக்கு வாத்தியாரிடம் போய் நின்றேன். அவர் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எனக்கே கூட்டல் சொல்லித் தர்றியா? போய் உக்காருடா."

வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். ஆண்டுத் தேர்விலும் தேறாவிட்டால் சூளைக்கு வந்துவிடு என்று வீட்டில் அப்பா சொன்னார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. அண்ணன் ஏற்கெனவே அங்கே மண் குழைத்துக்கொண்டிருந்தான்.

தை மாதக் கடைசியில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து மாமா வந்தார். அவருடைய ஆயில் என்ஜினிலிருந்து எவனோ ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். குறையைத் தாளில் மனுவாக எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, அங்கேயே காவலுக்கு நிற்கும் முனியப்பரின் வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். தொண்ணூறு நாளைக்குள் விசாரித்துத் தீர்த்துவிடுவார் என்பார்கள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

விண்ணப்பக் கடிதம் எழுத அப்போதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அனுப்புநர், பெறுநர் எழுதி, 'பொருள்: இரண்டு மதிப்பெண் குறைவு' என்று போட்டேன். வாத்தியார் இனி யாருடைய பேப்பரையும் திருத்த முடியாதபடி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். சாமிக்குக் கெடு தொண்ணூறு நாள். ஆண்டுத் தேர்வுக்கோ எழுபத்திரண்டு நாள்தான் பாக்கி. அதனால் தாளின் தலையில் 'அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. வாத்தியார் மாதா கோயிலுக்குப் போகிறவர். வழியில் கேட்டேன்.

"மாமா, மாதா கோயிலுக்குப் போறவங்க மேல பிராது குடுத்தா எடுத்துக்குவாரா?"

"அவுங்களே வந்து கட்டிட்டுப் போறாங்க. நீ யாரு மேலடா கட்டப்போற?"

"யாரு மேலயும் இல்ல மாமா. பாஸாவணும்னு எழுதியிருக்கேன்."

மாமா என் தாளையும் தன்னுடையதோடு சேர்த்துப் பூசாரியிடம் கொடுத்தார். என் கையாலேயே கட்டினேன்.

ஒன்பதாம் நாள் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் வந்தபோது அவருடைய இடது கண்ணில் பஞ்சு வைத்து, மேலே பச்சைத் துணி கட்டியிருந்தது. பாண்டிச்சேரியில் கண்ணை அறுத்துவிட்டார்களாம் என்று பக்கத்துப் பையன் காதில் சொன்னான். கட்டு இல்லாத கண்ணும் அவ்வளவாகத் தெரியாதாம்.

அதுவரை நான் கேட்டது எதுவும் நடந்ததில்லை. பொங்கலுக்குக் கேட்ட சட்டை வரவில்லை, அண்ணனிடம் கேட்ட பேனா வரவில்லை. முதல் தடவையாக ஒருவர் நான் எழுதியதை வரிவிடாமல் படித்து, என்னிடம் மறுகேள்வி கேட்காமல், எழுதியபடியே செய்து முடித்திருந்தார். திருத்த முடியாதபடி என்றுதான் எழுதினேன். எப்படி என்று எழுதாமல் விட்டது என் பிழை. அத்தனை பெரிய ஒன்றின் முன்னால் நிற்பதை முதுகுத்தண்டில் உணர்ந்தேன்.

கட்டிய பிராதைத் திரும்பப் பெறுவதற்கு ராஜினாமா என்று பெயர். அதை எழுதிக்கொண்டு அந்தச் சனிக்கிழமை தனியாகக் கோயிலுக்கு நடந்தேன். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி. பூசாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அதுக்குள்ள என்னா வாபஸு? கேஸு முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுங்க. ரொம்பவே முடிஞ்சிடுச்சு."

அவர் சிரிக்காமல் ராஜினாமாத் தாளை வாங்கிக்கொண்டார். நான் என் பழைய பிராதைத் தேடினேன். வேலைச் சுற்றி அடிமுதல் நுனிவரை சுருட்டிக் கட்டிய தாள்கள். காணாமல் போன மாடு, ஏமாற்றிய பங்காளி, திரும்பி வராத புருஷன் என்று எத்தனை பேருடைய குறைகளோ. எண்ண ஆரம்பித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை போனேன். காற்று வீசி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சலசலத்தது. எதுவரை எண்ணினேன் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுக் கும்பிட்டேன்.

ஆண்டுத் தேர்வு வந்தது. கூட்டலும் வட்டியும் கை கொடுத்தன. எக்ஸ் வழக்கம்போல் கைவிட்டது. தேர்வு முடிந்த நாலாம் நாள் வாத்தியார் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"முப்பத்தாறுன்னு நின்னவன் நீதானே? சாயங்காலம் எங்க வூட்டுக்கு வா. பேப்பருக்கெல்லாம் கூட்டல் போடணும்."

விடைகளை அவரே மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துத் திருத்தியிருந்தார். ஓரத்து எண்களைக் கூட்டிச் சொல்வது மட்டும் என் வேலை. நான் சொல்லச் சொல்ல அவர் சிவப்புப் பேனாவால் முகப்பில் எழுதினார். இருபத்தேழாவது தாள் என்னுடையது.

"எவ்ளோ?"

"முப்பத்து மூணு சார்."

"யாரு பேப்பரு?"

"என்னுதுதாங்க சார்."

வாத்தியார் எழுதப்போன பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

"மறுபடி கூட்டு."

கூட்டினேன். முப்பத்து மூன்று. சூளையின் வெக்கை முகத்தில் அடிப்பது போலிருந்தது.

"நல்லா நிதானமா கூட்டு. நான் போயி தண்ணி குடிச்சிட்டு வரேன்."

பேனாவை மூடாமல் என் பக்கமாக வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் மூன்றாம் முறையும் கூட்டி முடித்து, பேனாவின் மை காயாதிருக்க அதை மூடிவைத்து, கூரையில் நூற்று நாற்பது ஓடுகளை எண்ணிய பிறகுதான் வந்தார்.

"இப்ப எவ்ளோ?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதே முப்பத்து மூணுதாங்க சார். நான் கூட்டுனா தப்பாது."

அவர் பெருமூச்சு விட்டு, மூடிய பேனாவைத் தடவிப் பார்த்தார். பிறகு அதைத் திறந்து, தாளின் மேல் குனிந்து, முப்பத்தைந்து என்று எழுதினார்.

"சார், மூணு… முப்பத்து மூணு…"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு ஊரே சொல்லுது. நீ வேற சொல்லணுமா? அடுத்தத எடுடா."

ராஜினாமா கொடுத்த பிறகும் எனக்குச் சேர வேண்டிய இரண்டு மதிப்பெண்ணைச் சாமி கொண்டுவந்து சேர்த்துவிட்டதை நினைத்து, வீடு வரை மெய்சிலிர்த்தபடியே நடந்தேன். வாத்தியாரை நினைத்தால் பாவமாக இருந்தது. இத்தனை வைத்தியத்துக்குப் பிறகும் மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் பாஸ் என்று மட்டும் சொன்னேன். வாத்தியாருடைய தப்பை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்குப் பல வருஷம் பெருமை இருந்தது.