முதல் பாதி

பேசாலைக் கடற்கரையில் கச்சான் காற்று காலையில்தான் தணிந்திருக்கிறது. நேற்றுத் தொழிலுக்குப் போன படகொன்று இன்னும் திரும்பவில்லை. அதைத் தேடி நாலைந்து படகுகள் போயிருக்கின்றன. மாதா சொரூபத்தின் முன்னால் பெண்கள் மணலில் அமர்ந்து செபமாலை சொல்கிறார்கள். காணாமற்போன படகில் இருக்கும் ஒருவரின் மனைவி ஸ்ரெல்லா அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துகிறாள். மறுபாதியை மற்றவர்கள் மட்டும் சொல்கிறார்கள். ஒவ்வொரு பத்துக்கும் தொடங்குபவர் மாறுவது வழக்கம்; இங்கே ஒவ்வொரு முறையும் ஸ்ரெல்லாவே தொடங்குகிறாள்.

ஓரத்தில் இருக்கும் பெண்ணிடம் காரணம் கேட்கிறேன்.

“மரண நேரம் எண்டு வாறது பின்பாதியிலதானே, தம்பி. ஆள் கரைக்கு வருமட்டும் அதை அவவின்ர வாயால சொல்ல விடமாட்டம். நாங்கள் சொல்லுறம்.”

நான் ஏறவேண்டிய தலைமன்னார் பஸ் வரும் நேரம். போகட்டும் என்று நானும் அமர்கிறேன்.

அப்போது அதே படகில் போன இன்னொருவரின் மனைவி கைக்குழந்தையோடு ஓடி வருகிறாள். செபம் நிற்கிறது. ஸ்ரெல்லா நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறாள். குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள்.

“நீ தொடங்கு, தங்கச்சி. மிச்சத்தை நாங்கள் சொல்லுறம்.”

அவள் முதல் பாதியைச் சொல்லி முடிக்கிறாள். மறுபாதி எழுகிறது. எல்லாக் குரல்களுக்கும் மேலே, ஒரு சொல்லும் விடாமல், ஸ்ரெல்லாவின் குரல் கேட்கிறது.