கைகொடுக்கும் காரியதரிசி

போர்வைக்குள் கையை விட்டுத் துழாவுவார். காய்ச்சலில் கிடப்பவரின் வலது கை அகப்பட்டதும் வெளியே இழுத்து நன்றாகக் குலுக்கி, "பொன்ழூர் முசியே! சவா?" என்பார். பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா, சவா என்றால் சௌக்கியமா என்று அர்த்தம். படுத்திருப்பவர் லொக்கு லொக்கென்று இருமுவார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசம். அப்ப சந்தாவ எடுங்க" என்பார்.

இவர்தான் முசியே எதுவார். எங்கள் குண்டாட்டச் சங்கத்தின் காரியதரிசி. இரும்புக் குண்டுகளை வீசியும் உருட்டியும் ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்டம் அது. பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்தான், ஆட்டத்தை எங்களிடம் விட்டுவிட்டு அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். எதுவார் சைகோன் சுங்க இலாகாவில் இரண்டாம் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். வெள்ளை டிரில் கால்சட்டை, நெட்டித் தொப்பி, கக்கத்தில் குடை. அவர் குண்டு வீசி ஜெயித்ததை நான் பார்த்ததில்லை, பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் தோற்ற பிறகு அவ்வளவு அழகாகக் கைகொடுக்க வேறு ஆளில்லை.

எங்கள் களத்தில் அது ஒரு சட்டம் மாதிரி. வந்தவர் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து முடிந்த பிறகுதான் முதல் குண்டு கிளம்பும். நடுவில் ஒருவர் தாமதமாக வந்தால் ஆட்டம் நிற்கும். அவர் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டுப் போக வேண்டும். போகும்போது மறுபடியும் ஒரு சுற்று. இதற்குள் வெயில் இறங்கிவிடும். எதுவாருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் வருவதே அதற்குத்தானே!

இந்த ஐம்பத்தேழாம் வருஷத்து ஃப்ளூ வந்து அத்தனையையும் நிறுத்திவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியதாகச் சொன்னார்கள். இங்கே வந்து சேர அதற்கு அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாம் மூடிக் கிடந்தன. கூட்டம் கூடக்கூடாது என்று நகரசபை தமுக்கடித்துச் சொல்லிவிட்டது. எங்கள் களத்தில் பூவரச இலை குவிந்து கிடந்தது, நாய் படுத்துத் தூங்கியது. இந்த நிலையில்தான் எதுவார் சந்தா வசூலுக்குக் கிளம்பினார்.

மனுஷன் சும்மா கிளம்பவில்லை. களத்து இடம் நகரசபையுடையது. பிரெஞ்சுக்காரன் காலத்து விதி ஒன்று இருக்கிறது: ஜூன் முடிவதற்குள் உறுப்பினர்களில் பாதிப் பேராவது சந்தா கட்டியிருக்க வேண்டும். தவறினால் சங்கம் கலைந்ததாகக் கணக்கு, இடம் திரும்பிப் போய்விடும். வாலிபால் பையன்கள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எப்போது எப்போது என்று காத்திருந்தார்கள். இடம் போனால் சங்கம் போகும், சங்கம் போனால் காரியதரிசி பதவி போகும். பதவி போனால், தினமும் சாயங்காலம் கஞ்சி போட்ட கால்சட்டையை மாட்டிக்கொண்டு எதுவார் போவதற்கு இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். வீட்டில் அவர் மனைவி மார்கரீத் அம்மாள் இருக்கிறார். அங்கே எந்தக் காரியதரிசியின் பேச்சும் எடுபடாது.

ஜவுளிக்கடை சக்கரபாணி முதல் நாளே மடக்கினார். "சினிமா கொட்டாய மூடிட்டு டிக்கெட்டு விக்கிறீங்களே முசியே, இது நாயமா?"

"ஆட்டத்துக்கா காசு கேக்கறேன்? சங்கத்துக்குக் கேக்கறேன்."

"சங்கம் எங்க இருக்குது இப்ப?"

எதுவார் கொஞ்சமும் கூச்சப்படாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சக்கரபாணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப மழையில நனையாம இருங்க" என்று சொல்லிக் காசைக் கொடுத்தார். கையையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

பென்ஷன்காரர் ஜான்-பத்திஸ்த் படுக்கையில் இருந்தபடியே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நான் செத்துப்போயிட்டா பாதியத் திருப்பித் தருவீங்களா?"

எதுவார் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கூரையைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார். "விதியில அப்பிடி இல்ல முசியே" என்றார் வருத்தத்தோடு. பிறகு போர்வைக்குள் கையை விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டருங்களே தொடாதீங்கங்கறாங்க. வாசல்ல நின்னு வாங்கிட்டு வந்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "கை குடுக்காம ஒரு மனுசன் வாசப்படிய மிதிக்கறதா? நான் என்னா ஜப்தி பண்ண வந்தவனா?"

மரியாதை தெரிந்த மனிதர், என்ன செய்வது! ஆனால் ஒன்று. வசூல் முடிந்து வீட்டுக்குப் போனதும் மார்கரீத் அம்மாள் அவரை வாசலிலேயே நிறுத்தி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவவைத்து, அதன் மேல் கொலோன் வாசனைத் தண்ணீரும் தெளித்துத்தான் உள்ளே விடுவார். இதை அவரே பெருமையாகச் சொன்னார். ஊரெல்லாம் சுற்றிய கைக்குத் தன் வீட்டு வாசலில்தான் சோப்பு. நடுவில் எத்தனை வாசல் இருந்தது என்று அவரும் நினைக்கவில்லை, அந்த அம்மாளும் நினைக்கவில்லை.

அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அநியாயம்! அவர் போன வீடுகளில் மட்டும் இரண்டு மூன்று நாள் கழித்து அடுப்பு மூட்ட ஆளில்லாமல் போயிற்று. சென்னைக்கு ஃப்ளூ கப்பலில் வந்தது, புதுச்சேரிக்கு ரயிலில் வந்தது, எங்கள் நெல்லித்தோப்புக்கு எதுவாரின் கையில் வந்தது என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். எதுவார் காதிலும் அது விழுந்தது. "என்ன பத்திப் பேசறாங்களா?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

ஜூன் கடைசி நாள் வந்தது. கணக்குப் பார்த்தால் பாதிக்கு ஒரே ஓர் ஆள் குறைவு. பாக்கி நின்றவர்களில் கொஞ்சமாவது நம்பிக்கை உள்ளவன் தெய்வசிகாமணி. பஞ்சாலைத் தொழிலாளி, எங்கள் சங்கத்திலேயே அருமையாகக் குண்டு வீசுகிறவன். மாதத் தொடக்கத்தில் எதுவார் அவன் வீட்டுக்குப் போய்க் கைகொடுத்துக் கேட்டபோது, சம்பளம் வரட்டும் என்று சொல்லியிருந்தான். சம்பள நாளுக்கு முன்பே பாதி ஆட்கள் காய்ச்சலில் விழுந்து ஆலையை மூடிவிட்டார்கள். எதுவார் என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். நான் ஏன் போனேன்? வேடிக்கை பார்க்கிற புத்திதான்.

தெய்வசிகாமணியின் மனைவி அஞ்சலாட்சி கதவைப் பாதி திறந்து, உள்ளே யாரும் நுழைய முடியாதபடி நிலைப்படியில் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் பாயில் அவன் கிடந்தான். பக்கத்தில் இரண்டு குழந்தைகள் ஒரே துணிக்குள் சுருண்டு கிடந்தன.

"போன தபா வந்து கை குடுத்துட்டுப் போனீங்க. மூணா நாளு இவுரு படுத்தாரு. அப்பறம் பெரியது. நேத்துலேருந்து சின்னது கண்ணத் தொறக்கல. இன்னும் யாரு பாக்கி, நானா?"

"பர்தோன், மதாம்..." என்று எதுவார் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"எனக்கு அந்தப் பாஷையெல்லாம் வேணாம் முசியே. என்னா வேணும், சொல்லுங்க."

எதுவார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இன்னியோட தவணை முடியுதும்மா. இவுரு சந்தா ஒண்ணுதான் கொறையுது. அது இல்லன்னா எடமே போயிடும்."

"போவட்டுமே! மில்லு மூடிக் கெடக்குது. கஞ்சி வெக்க ஊட்டுல நொய்யி இல்ல. நீங்க குண்டு உருட்டலன்னா யாரு குடி முழுவிடும்?"

"குடுத்துடு புள்ள" என்று பாயிலிருந்து குரல் வந்தது.

அவள் திரும்பினாள். "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? புள்ளைக்கு ரொட்டி வாங்க வெச்சிருக்கறேன் அத."

"மில்லுல மேஸ்திரி எம் பேரச் சொல்லிக் கூப்புட்டது இல்ல. டேய்ங்கறான். அந்த எடத்துல மட்டுந்தான் பெரிய மனுசங்கல்லாம் என் கையப் புடிச்சு சௌக்கியமான்னு கேக்கறாங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எடம் போவக்கூடாது. குடுத்துடு."

அதுவரை மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்த கிண்டல் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. அஞ்சலாட்சி உள்ளே போனாள். பானைகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

ஒரு ரூபாய் நாணயத்தோடு திரும்பி வந்தாள். எதுவாரின் முகம் மலர்ந்தது. இடம் தப்பியது, சங்கம் தப்பியது. குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, உடம்பை நிமிர்த்தி, வலது கையை முழுசாக நீட்டினார். "மெர்சி, மதாம்!" என்று நன்றி சொன்னார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நிலைப்படிக்கு வெளியே குனிந்து, தெருப் புழுதியில் ரூபாயை வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க. அவுரு கேட்டாரு, குடுத்துட்டேன். கை வேணாம்."

எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. எதுவார் என்னைப் பார்த்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பிறகு கால்சட்டை மடிப்பைக் குடையோடு சேர்த்து இடது கை பிடித்துக்கொள்ள, நீட்டிய கை மெதுவாகக் கீழே, புழுதிக்கு இறங்கியது.