நாம் என்ன மழையா விற்கிறோம்

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தேன். டைப் அடிப்பதும் பில் போடுவதும்தான் என் வேலை. எங்கு பார்த்தாலும் இன்டர்நெட் பேச்சு கிளம்பியதும் முதலாளி, "நமக்கும் ஒரு பக்கம் போட்ருவோம்மா" என்றார். எனக்கு அதில் அ, ஆ தெரியாது. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. அடுத்தவர் பக்கங்களைத் திறந்து, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, நோட்பேடில் அதேபோல் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் இணைப்பு இருப்பதிலேயே மலிவானது. மோடம் மதுரைக்கு டயல் செய்து, கீச்சுக்குரலில் கத்தி, ஒருவழியாக ஒட்டிக்கொள்ளும். எழுத்து மட்டும் வரும், படம் வராது. படம் இருக்கவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இமேஜ்' என்று ஒரு சொல் நிற்கும். உலகமே வண்ணம் வண்ணமாகப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் கறுப்புத் திரையில் இமேஜ், இமேஜ், இமேஜ். பந்தி நடக்கிற கல்யாண வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல் எரிச்சலாக வரும்.

படம் வராதவர்களுக்காக, ஒவ்வொரு படத்தோடும் அது என்ன படம் என்று நாலு வார்த்தை எழுதிவைக்க இடமுண்டு என்பதை ஒருநாள் கண்டுபிடித்தேன். பெரும்பாலோர் அதைக் காலியாகவே விட்டிருந்தார்கள். நான் எழுதினேன். தர்மத்துக்காக அல்ல, என் பக்கத்தை நானே பார்க்க வேறு வழியில்லை. எங்கள் பக்கத்தில் போட்டிருந்த, ஆலையில் துணி காயும் படத்துக்கு, "வெளுத்த துணியை வெட்டவெளியில் கொடிகட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். பின்னால் மலை. அதன் உச்சியில் மேகம் உட்கார்ந்தால் சாயங்காலம் மழை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். தறிப் படத்துக்கு, அந்த இரைச்சலில் பெண்கள் சைகையிலேயே ஊர்க்கதை பேசிக்கொள்வதை எழுதினேன்.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான் மட்டும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, ரத வீதி வழியாக நடந்து, பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். மீதிப் பேச்செல்லாம் அந்தக் குறிப்புகளுக்குள் போயிருக்க வேண்டும்.

ஒருநாள் ஆலை முகவரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பல வருஷம் நர்ஸாக இருந்த ஓர் அம்மாள். இப்போது அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்தைக் கணினியே வாசித்துக் காட்டுமாம். எங்கே போனாலும் அது இமேஜ், இமேஜ் என்றே சொல்கிறது, உங்கள் பக்கத்தில்தான் ஆள் இருக்கிறார் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "அன்றைக்கு மழை வந்ததா?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஆர்டரா?"

"இல்ல சார். படத்தப் பத்திக் கேக்காங்க."

"பொறவு எதுக்கு இம்புட்டு நீளம்?"

மழை வந்ததையும், கொடியிலிருந்த துணியை எல்லோரும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியதையும் பதிலாக எழுதினேன். அன்று பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இந்தப் பூமியில் நான் எழுதியதைப் படிக்க ஒருவர் இருந்தார்.

கொஞ்ச நாளில் முதலாளி மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் எங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே படம் வந்தது. மவுஸின் அம்புக்குறி படத்தின்மேல் போனதும் என் குறிப்பு மஞ்சள் பெட்டியாக மேலே மிதந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள் போல. திரும்பி வந்தவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, மேகத்தப் பத்தி எதுக்கு எழுதுன? நம்ம என்ன மழையா விக்கோம்?"

"கண்ணு தெரியாதவங்களுக்கு அதுதான் சார் படம்."

"அவங்க நம்மகிட்ட துணி வாங்குதாங்களா?"

இருந்த ஒரே வாசகியைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. முதலாளி பக்கத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட்டார். துணி பறப்பதுபோலெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். என் திரையில் இமேஜ், இமேஜ் என்று வரிசையாக நின்றது. நான் எழுதியதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

பழையபடி பில் போட்டேன். வருகிற மின்னஞ்சலைத் திறப்பது மட்டும் என் வேலையாகவே இருந்தது. அப்படித்தான் ஒரு காலையில் அந்த அம்மாள் எழுதியதைப் பார்த்தேன். "உங்கள் பக்கத்தில் இப்போது யாருமே இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அம்மா போனதிலிருந்து என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நன்றாக இருக்கிறேன்" என்று அடித்தேன். பொய் என்று பட்டது; அழித்தேன். எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன்.

"மலைமேல் மேகம் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன், தனியாக."