மூன்றாவது வட்டம்

நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். ஆவி, பேய் என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து போகிறவள் நான்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பர், ஞாயிறு மதியம். கல்கத்தாவில் அலிப்பூர் பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த சர்ச் ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றி, உள்ளே ஏதோ விளக்கு வேடிக்கை வைத்திருப்பதாக மாடி வீட்டு வங்காளி அக்கா சொன்னாள். வரமாட்டேன் என்ற கணவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், ஒரே இருட்டு. மேலே கேமரா, நாம் நின்றால் காலடியில் வெளிச்சமாக ஒரு வட்டம் விழும், நடந்தால் கூடவே வரும். ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

உள்ளே நாங்கள் இரண்டு பேர். வட்டம் மூன்று.

மூன்றாவது, அவருடைய இடது பக்கம் ஒட்டி நின்றது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. வாசலில் டிக்கெட் கிழித்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். மறுபடி மூன்று. மெஷின் கோளாறு என்று சிரித்துக்கொண்டே திரும்புகிறேன், அவர் அந்த வெற்று வட்டத்திடம் பேசிக்கொண்டிருக்கிறார், வங்காளியில்.

“ரீனா, நானே அவகிட்ட சொல்லிடறேன்னு சொன்னேன்ல. எதுக்கு வந்தே?”

பதினோரு வருஷமாகத் தனக்கு வங்காளி வராது என்று மீன்காரனிடம்கூட என்னைப் பேச விட்டவர். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழகாகப் பேசினார். பெயரைவிட அதுதான் முதலில் குத்தியது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய பேங்கில் வேலை பார்த்தவள், நாலு வருஷப் பழக்கம். இரண்டு மாசம் முன்னால், காளி பூஜைக்கு மறுநாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அன்றைக்கு ஆடிட் என்று சிலிகுரி போனதாகச் சொன்னாரே, சுடுகாட்டில் இருந்திருக்கிறார். நான்தான் அவருக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன்.

நான் மட்டும் வெளியே வந்தேன். வாசற்படியில் நாலு மணி வெயில். என் இடது பக்கம், கல்லின் மேல், வெயிலைவிட வெள்ளையாக அந்த வட்டம். வெளியே ஒரு விளக்குகூட மாட்டவில்லை என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது என் பாடு. ஆனால் அவரை உள்ளே விட்டுவிட்டு அவள் ஏன் என்னோடு வந்தாள்? நான் முதலில் படி இறங்கட்டும் என்று காத்திருப்பதுபோல நின்றாளே, அதுதான் இன்றைக்கும் புரியவில்லை.