பேட்டை போல்ட்

செய்தி வந்தபோது பேட்டையில் என் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. சேரன்மகாதேவியிலிருந்து அக்கா போனில் அழைத்தாள். "நாயகத்தோட கப்பல் வரலையாம்லே," என்றாள். லேத்தை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. போருக்குப் போன நீர்மூழ்கி மேலே எழவில்லை. அதில் இருந்த இளம் அதிகாரி லெப்டினென்ட் கோமதிநாயகம் என் அக்காவின் ஒரே மகன்.

அவனை அறிந்தவர்களே, என்னையும் அறிவீர்கள். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பீர்கள். இன்று ஒருநாள் கழிக்காமல் கேளுங்கள்.

சேரன்மகாதேவி ஆற்றில் முங்கினால் பல ஊர் தாண்டி நெல்லை ஜங்ஷனில்தான் எழுவான் என்று அவனைப் பற்றி ஊரெல்லாம் பரப்பியது நான்தான். உண்மையில் எதிர்க்கரை வரை போவான். அதுவே பெரிது.

அவன் நீர்மூழ்கியில் சேர்ந்ததும் என் புகழுக்கு எல்லை இல்லாமல் போயிற்று. அந்தக் கப்பலையே தாங்கி நிற்கும் போல்ட்டு என் லேத்தில் கடைந்தது என்றும், நன்றி சொல்லத் தளபதி போன் செய்தபோது கையில் எண்ணெய் இருந்ததால் நான் எடுக்கவில்லை என்றும் டீக்கடையில் அறிவித்தேன். விடுமுறையில் வந்தவனைக் கடைக்கார அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"ஏ தம்பி, ஒங்க மாமா போல்ட்டுலதான் கப்பலே நிக்குதாமே, நெசமா?"

வேலையைப் பற்றி அவன் வெளியே வாய்திறக்கக் கூடாது. டீயைக் கீழே வைத்தான். "மாமா சொல்லுதது எல்லாம் ராணுவ ரகசியம், அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லப்படாது."

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் பைய கேட்டான்: "மாமா, அந்த போல்ட்டு எவ்வளவு நீளம்?"

"முப்பது அடிலே."

"போன தடவ அறுபதுன்னீங்க. கடல்ல கெடந்து தேய்ஞ்சிட்டோ?"

செய்தி வந்த பிறகு அக்கா அவன் படத்துக்கு மாலை போடவிடவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்கன இருட்டுல பயந்திருப்பானாலே?" ஜில்லா முழுவதற்கும் கதை அளந்தவன் நான். அன்று எழுந்து பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு ஒருநாள் சென்னைப் பையன் ஒருவன் தாங்குகட்டையோடு வந்தான். அதே கப்பலில் மாலுமி. கால் முறிந்து கரையில் தங்கியதால் பிழைத்தவன். அக்கா முன்னால் நிமிர்ந்து பார்க்கவே கூசினான்.

"கடைசியில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஆழத்துல எறங்கும்போது தண்ணி அழுத்தி கப்பல் முனகும். புதுசா வந்தவங்க கையில கெடச்ச கம்பியப் பிடிச்சுக்குவாங்க. நானும் பிடிச்சுக்கிட்டேன். சார் பக்கத்துல வந்து, 'ஏலே, பயப்படாத, பேட்டை போல்ட்டு இருக்கு'ன்னாரு. அப்புறம் இந்த மாமாவோட போல்ட்டு கதைய முழுசா சொன்னாரு. அதுலேருந்து கப்பல் முனகுனாலே பஞ்சாப்காரன்கூட 'பேட்டை போல்ட்'னு கத்துவான்."

"அவனும் சிரிப்பானாய்யா?"

"அவருதாம்மா மொதல்ல சிரிப்பாரு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன் பொய்யி எம்புட்டு ஆழம் போயிருக்கு, பாருலே," என்றாள். அன்று மாலை படத்துக்கு அவளே பூச்சரம் போட்டாள்.

காரியத்துக்கு நாள் குறித்தோம். ஆற்றில் கரைக்கச் சாம்பல் இல்லை. "ஒரு போல்ட்டு கடைஞ்சு கொண்டு வாலே," என்றாள் அக்கா.

முப்பது அடி இல்லை, விரல் நீளம்தான். ஒவ்வொரு திருகு மரையையும் தடவிப் பார்த்துக் கடைந்தேன். கப்பற்படைக்கு நான் உண்மையாகச் செய்த முதல் வேலை அது. படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அக்கா அதை விட்டாள்.

"நெல்லை ஜங்ஷன் தாண்டி, கடலுக்குப் போய், அவன் கைக்கே சேந்திரும்க்கா," என்றேன்.

"சேரும்லே," என்றாள். பாதியைக் கழிக்கவில்லை.

அந்த போல்ட்டுக்குச் செய்த நட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. வேறு எதிலும் அதை நான் முடுக்க மாட்டேன்.